மேடையில் இப்போது எங்கே பார்ப்பது?

சினிமாவில் கதாநாயகியின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டதும் கேமரா கிட்டே போய்விடும். திரை முழுக்க அந்தக் கண்தான். வேறெங்கும் பார்க்க நமக்கு வழியே கிடையாது. நாடகத்தில் இந்த வசதி இல்லை. மேடை மொத்தமும் எந்நேரமும் கண்முன் திறந்தே கிடக்கிறது. கதாநாயகி அழுதுகொண்டிருக்கும்போது முன்வரிசைக்காரர் பின்சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஓரத்தில் தட்டோடு நிற்கும் வேலைக்கார வேஷக்காரரைப் பார்க்கலாம். அவர் மூக்கைச் சொறிந்துவிட்டால் போச்சு, அரங்கமே அவரைத்தான் பார்க்கும்.

அப்படி இருந்தும், நன்றாகத் தயாரான ஒரு நாடகத்தில் முக்கியமான நொடி வரும்போது எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பும். யாரோ முன்கூட்டியே யோசித்து, ஒத்திகையில் திரும்பத் திரும்ப மாற்றிப் பார்த்து, அதை ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டுக்குத்தான் மேடையாக்கம் என்று பெயர். செட், லைட், ஒப்பனை, இசை, நடிகர் நிற்கும் இடம், வரும் வழி, போகும் வழி எல்லாம் இதற்குள் அடக்கம். நாடகத்துறையில் படிக்கிறேன் என்று சொன்னால் "நடிப்பு சொல்லித் தருகிறார்களா?" என்றுதான் கேட்கிறார்கள். தருகிறார்கள். ஆனால் வகுப்பு நேரத்தில் பெரும்பங்கு வேறொரு கேள்வியோடு போகிறது: இந்த நிமிடத்தில் பார்ப்பவரின் கண் எங்கே இருக்க வேண்டும்? கீழே வரும் உத்திகள் எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் அந்தக் கேள்விக்குக் கண்டுபிடித்த பதில்கள்.

பார்ப்பவர் எங்கே உட்காருகிறார்?

நாற்காலியிலிருந்து தொடங்குவோம். சபா நாடகம், பள்ளி ஆண்டுவிழா என்று நாம் அதிகம் பார்த்திருக்கும் மேடை ஒரே வகைதான். மூன்று பக்கம் அடைப்பு, ஒரு பக்கம் திறப்பு, திறப்பைச் சுற்றி ஒரு சட்டம். புரொசீனியம் மேடை என்பார்கள், தமிழில் படச்சட்ட மேடை என்றும் எழுதுகிறார்கள். நம் பக்கம் இது 19ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. ஊர் ஊராகச் சுற்றிய பார்சி நாடகக் கம்பெனிகள் அரண்மனை, காடு, தெரு என்று வரைந்த படுதாக்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தன. காட்சி மாறினால் படுதா மாறும். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கி, படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் நடிக்க வந்த காலத்தில் நாடகம் என்றாலே இந்த மேடைதான் என்று ஆகிவிட்டது.

இதில் ஒரு பெரிய வசதி, எல்லோரும் ஒரே பக்கத்திலிருந்து பார்க்கிறார்கள். எதை வேண்டுமானாலும் இரண்டு ஓரத்து விங்ஸில் ஒளித்து வைக்கலாம். சங்கடமும் உண்டு. நடுவில் உட்கார்ந்தவருக்குத் தெரிவது ஓரத்து நாற்காலிக்குத் தெரியாது. அதனால்தான் செட்டை ஆணி அடித்து நிறுத்துவதற்கு முன்னால், முதல் வரிசையின் இரண்டு கடைசி நாற்காலிகளிலும், பால்கனி இருந்தால் அதன் கடைசி வரிசையிலும் உட்கார்ந்து பார்த்துவிடச் சொல்கிறார்கள். நடு நாற்காலியில் மட்டும் உட்கார்ந்து நாடகம் போடும் இயக்குநர்களை எனக்குத் தெரியும். அவர்கள் நாடகத்துக்கு ஓர சீட்டில் டிக்கெட் வாங்கினால் பாதி நேரம் ஒரு பீரோவின் பக்கவாட்டைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

மூன்று பக்கமும் பார்வையாளர் உட்காரும் மேடை இன்னொரு வகை. தெருக்கூத்துக் களரி அப்படிப்பட்டதுதான். லண்டனில் 1599இல் கட்டிய குளோப் அரங்கின் மேடையும் கூட்டத்துக்கு நடுவே நீட்டிக்கொண்டிருந்தது. நாலு பக்கமும் ஆட்கள் சூழ்ந்திருந்தால் அது வட்ட அரங்கு. அதைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்துப் பேசுவோம்.

ஒரு தகரப் பெட்டி, ஒரு வாசல்

மேடையில் திசை சொல்வதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. தெரியாவிட்டால் ஒத்திகையில் ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொள்வோம். வலது, இடது என்றால் பார்வையாளரைப் பார்த்து நிற்கும் நடிகரின் வலது, இடது. பார்வையாளருக்குப் பக்கத்தில் இருப்பது டவுன் ஸ்டேஜ், பின்சுவர்ப் பக்கம் அப் ஸ்டேஜ். ஐரோப்பாவின் பழைய மேடைகள் பின்னால் உயர்ந்து முன்னால் சரிந்திருந்தன, அங்கிருந்து வந்த பேச்சு இது. இப்போது பெரும்பாலான மேடைகள் சமதளம்தான். இருந்தாலும் "கொஞ்சம் அப்பில் போ" என்றால் பின்னால் நகர வேண்டும்.

யார், எந்த வசனத்தில், எங்கிருந்து எங்கே நகர்கிறார் என்று முடிவு செய்து பழக்குவதைப் பிளாக்கிங் என்கிறோம். இதற்கு அடிப்படை ரொம்ப எளிது. கண் அசைகிற பொருளைத் தேடி ஓடும். வெளிச்சம் கூடிய இடத்துக்கு ஓடும். எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது நிற்பவனிடமும், எல்லோரும் ஓடும்போது அசையாமல் இருப்பவனிடமும் போகும். அப்புறம், மேடையில் இருக்கும் மற்றவர்கள் எதைப் பார்க்கிறார்களோ அதையே பார்வையாளரும் பார்ப்பார்கள். தெருவில் நாலு பேர் அண்ணாந்து பார்த்தால் ஐந்தாவது ஆளும் அண்ணாந்து பார்க்கிறார் இல்லையா, அதேதான்.

ஒரு சின்னக் காட்சியை வைத்துப் பார்த்தால் புரியும். அக்கா தகரப் பெட்டியைத் திறந்து வீட்டுப் பத்திரத்தைத் தேடுகிறாள். பத்திரம் இல்லை. அதை எடுத்துப் போய் அடகு வைத்தவன் தம்பி. அவன் வந்து வாசலில் நிற்கிறான். வசனம் எதுவும் கிடையாது.

வாசலை வலது ஓரத்திலும் பெட்டியை இடது ஓரத்திலும் வைத்தால் என்ன ஆகும்? தம்பி உள்ளே காலெடுத்து வைத்ததும் அசைவு அங்கே இருப்பதால் எல்லாக் கண்ணும் அவனிடம் போய்விடும். அதே நொடியில் பெட்டிக்குள் கைவிட்ட அக்காவின் முகம் மாறுவதை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். காட்சியின் உயிரே அந்த முகத்தில்தான் இருந்தது.

இப்போது வாசலை அப் ஸ்டேஜில், பின்சுவரின் நடுவில் வையுங்கள். பெட்டி முன்னால், நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி. அக்கா பார்வையாளர் பக்கம் முகம் வைத்துத் தரையில் உட்கார்ந்து துழாவுகிறாள். அவளுக்குப் பின்னால் தம்பி சத்தமில்லாமல் வந்து நின்றுவிட்டான், அசையவில்லை. இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே பார்வைக் கோட்டில் இருக்கிறார்கள். அவன் நிற்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவள் ஒவ்வொரு புடவையாக எடுத்து வெளியே வைக்கிறாள். ஒவ்வொரு புடவைக்கும் நமக்குப் பதற்றம் ஏறுகிறது.

இன்னொரு விதம். அக்காவை நமக்கு முதுகு காட்டி உட்கார வைத்துவிடலாம். தம்பி பெட்டிக்கு அந்தப் பக்கம், நம்மைப் பார்த்து நிற்கிறான். மூடி திறப்பது, கை துழாவுவது, முதுகு ஒரு கணம் அப்படியே நின்றுபோவது மட்டும்தான் அக்காவிடமிருந்து கிடைக்கும். முகம் அவனுடையது. இப்போது இது தம்பியின் கதை ஆகிவிட்டது, அவனுடைய குற்ற உணர்ச்சியைப் பற்றிய நாடகம். எழுதியவர் ஒரு வரிகூட மாற்றவில்லை.

பிளாக்கிங்கில் ஒரு குறும்பும் உண்டு. இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவர் நைசாக ஓரடி பின்னால் போய்விட்டால், அவரைப் பார்த்துப் பேச மற்றவர் பார்வையாளருக்கு முதுகு காட்ட வேண்டியதாகிவிடும். அனுபவசாலி நடிகர்கள் புதியவர்களிடம் தெரிந்தே செய்யும் வேலை இது. பல நாடகக் குழுக்களில் சண்டை இங்கேதான் ஆரம்பிக்கும்.

சரி, இதே காட்சியை வட்ட அரங்கில் போட்டால்? நாலு பக்கமும் ஆட்கள். யாராவது ஒருவருக்கு எப்போதும் முதுகுதான். கிழக்கே உட்கார்ந்தவர் அக்காவின் முகத்தைப் பார்க்கிறார், மேற்கே உட்கார்ந்தவர் தம்பியின் முகத்தைப் பார்க்கிறார். ஒரே நேரத்தில் இரண்டு நாடகம் நடக்கிறது. பீரோ, சுவர், வாசல்நிலை எதையும் வைக்க முடியாது, மறைத்துவிடும். நடிகர்கள் ஒரே இடத்தில் வெகுநேரம் நிற்கவும் கூடாது. ஏதாவது ஒரு காரணம் வைத்து நகர்ந்துகொண்டே இருந்து, எல்லாப் பக்கத்துக்கும் முகத்தைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும்.

மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் இந்தப் பங்கீடு ஆட்டத்திலேயே இருக்கிறது. அவை வட்டக் களரியில் ஆடப்படுபவை. நடுவில் கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரும் மத்தளமும், அவர்களைச் சுற்றி ஆட்டக்காரர்கள், வெளிவட்டத்தில் ஊர். சுற்றிச் சுற்றி ஆடுவதால் யாரும் குறைப்பட வேண்டியதில்லை. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இந்தக் கூத்தை மாணவர்களைக் கொண்டு படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். "கர்ணன் போர்", "இராவணேசன்" போன்றவை அப்படி வந்தவைதான். இராவணேசனில் இராவணனாக ஆடிய சி. மௌனகுரு பின்னாளில் ஈழத்து அரங்கின் முக்கியமான பேராசிரியர்களில் ஒருவரானார். விடிய விடிய ஆடுவது சில மணி நேரத்துக்குள் சுருங்கியது. நடுவில் இருந்த அண்ணாவியார் ஓரத்துக்குப் போனார். வட்டம் சுற்றிய ஆட்டம் ஒரு பக்கம் முகம் காட்டும்படி மாறியது. கிராமத்துக்கு வெளியே இருந்தவர்களுக்குக் கூத்தின் அருமை தெரிந்தது இதனால்தான். ஆனால் வட்டத்தை அவிழ்த்து நேர்கோடாக்கியதில் கூத்து எதையோ இழந்துவிட்டது என்ற விவாதமும் இன்றுவரை ஓயவில்லை. என்னைக் கேட்டால் இரண்டு தரப்பும் சொல்வது சரிதான். பார்ப்பவரின் இடத்தை மாற்றினால் ஆட்டம் மாறாமல் இருக்க முடியாது.

திரைக்கு மேலே கிரீடம்

ஒரு பாத்திரம் மேடைக்கு வரும் முதல் கணத்தை எப்படி அமைப்பது என்பதற்கு, நான் பார்த்தவரை, தெருக்கூத்தை மிஞ்சிய பாடம் இல்லை.

களரி என்பது வெறும் தரை. பின்னால் ஒரு பெஞ்சு, அதில் ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம், பின்பாட்டுக்காரர்கள். மூன்று பக்கமும் ஊர் ஜனம், முன்னால் பாதித் தூக்கத்தில் குழந்தைகள். விங்ஸ் கிடையாது. வேஷம் போடும் இடம் கொஞ்சம் தள்ளி ஒரு கொட்டகையிலோ யார் வீட்டுத் திண்ணையிலோ இருக்கும். துரியோதனன் வேஷக்காரர் அங்கிருந்து கூட்டத்துக்குள் வழி கேட்டுக்கொண்டுதான் வர வேண்டும். பீடி பிடித்துக்கொண்டிருப்பவர் காலை மடக்கி வழி விடுவார். இப்படி நடந்து வருகிறவரை மகாராஜா என்று எப்படி நம்ப வைப்பது?

இரண்டு பேர் ஒரு துணியை விரித்துப் பிடிக்கிறார்கள். அவ்வளவுதான் ஏற்பாடு. வேஷக்காரர் அதற்குப் பின்னால் போய் நின்றுவிடுகிறார். துணி ஆள் உயரம் முழுவதையும் மறைப்பதில்லை. மேலே கிரீடத்தின் உச்சி தெரிகிறது, கீழே சலங்கை கட்டிய கால் தெரிகிறது. கட்டியங்காரன் இந்தப் பக்கம் நின்று, வருவது யார் என்று விசாரிக்கிறான், கிண்டல் செய்கிறான், ஜனத்துக்கு விவரம் சொல்கிறான். திரைக்குப் பின்னாலிருந்து விருத்தம் எழுகிறது. தன் பெருமையை, தன் குலத்தை, தன் தம்பிமாரை, யாரோ மூன்றாம் ஆளைச் சொல்வது போல அவரே பாடுகிறார். பின்பாட்டு அதை வாங்கித் திருப்பிப் பாடுகிறது. கால் ஓர் அடவு போட்டு நிற்கிறது. கிரீடம் குலுங்குகிறது, மறைகிறது, திரைக்கு அந்த ஓரத்தில் மறுபடி தெரிகிறது. மிருதங்கம் வேகம் எடுக்கிறது. தூங்கிக்கொண்டிருந்த பையன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். திரை விலகும்போது அங்கே நிற்பவரைப் பார்த்து, சற்று முன் நம் காலைத் தாண்டிப் போன ஆள்தானே என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

இதில் என்னென்ன நடந்திருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லாதபடி கண்ணை ஒரு துணியில் நிறுத்தியாயிற்று. உடம்பின் இரண்டு முனையை மட்டும் காட்டி, நடுவில் இருப்பதை நம் கற்பனைக்கு விட்டாயிற்று. முகம் வருவதற்கு முன்பே குரலும் தாளமும் குணத்தைச் சொல்லிவிட்டன. வெறும் தரையில் ஒரு வாசலே உருவாகிவிட்டது. இவ்வளவுக்கும் செலவு நாலு முழத் துணி.

கிரீடத்திலும் தோளில் கட்டும் புஜகீர்த்தியிலும் ஏன் அத்தனை கண்ணாடிச் சில்லு என்பதும் இங்கே சொல்ல வேண்டியது. தீப்பந்தமும் பெட்ரோமாக்ஸும் மட்டுமே இருந்த காலத்தில் அந்தச் சில்லுகள் கிடைத்த வெளிச்சத்தை வாங்கி நாலு பக்கமும் வீசும். நடிகர் ஒரு சுற்றுச் சுற்றினால் கடைசி வரிசைக் கிழவிக்கும் மினுக்கம் போய்ச் சேரும். லைட்டை உடம்பில் கட்டிக்கொண்டு ஆடுவது என்றே சொல்லலாம்.

இதன் உறவுக்காரர்கள் மற்ற இடங்களிலும் உண்டு. கதகளியில் திரநோக்கு என்று ஒரு பகுதி: சில வேஷங்கள் திரையின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மெல்லக் கீழே இறக்கிப் பார்வையைக் காட்டி, மறுபடி ஏற்றி மறைத்துக்கொள்ளும். பெர்லினில் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் பயன்படுத்திய அரைத்திரை வேறு நோக்கம் கொண்டது. கம்பியில் ஓடும் பாதி உயரத் துணி, அதற்கு மேலே ஆட்கள் செட் மாற்றுவது தெரியும். நீங்கள் பார்ப்பது நாடகம் என்பதை மறக்காதீர்கள் என்று சொல்வதற்காக அவர் அதை வைத்தார்.

தூணின் நிழல்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை வகுப்பில் இலக்கியமாகப் படிப்பதைவிட ஒரு ஸ்டேஜ் மேனேஜரின் குறிப்பேடாகப் படிப்பது எனக்குப் பிடிக்கும். மாதவி ஆடப்போகும் அரங்கை இருபத்துநான்கு விரல் நீளமுள்ள கோலால் அளக்கிறார்கள். அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், தரையிலிருந்து உயரம் ஒரு கோல். போய்வர இரண்டு வாயில். ஒரு பக்கமிருந்து இழுக்கும் திரை, இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும் திரை, மேலிருந்து இறங்கும் திரை என்று மூன்று எழினிகள். எல்லாவற்றையும்விட, தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கை நிறுத்த வேண்டும் என்கிறார் இளங்கோ. லைட்டிங் வகுப்பில் இன்றும் முதலில் கேட்கப்படுவது, வெளிச்சம் எங்கே என்பதோடு நிழல் எங்கே விழுகிறது என்றும்தான்.

அரங்கை இருட்டாக்கிவிட்டு மேடையை மட்டும் வெளிச்சமாக்குவது ஆதிகாலத்து வழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். ஐரோப்பாவில் வெகுகாலம் பார்வையாளர் பக்கமும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. யார் யாரோடு வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதும் பொழுதுபோக்கில் பாதி. ஜெர்மனியின் பைராய்த்தில் 1876இல் இசையமைப்பாளர் வாக்னர் தன் அரங்கைத் திறந்தபோது பார்வையாளர் பகுதியை இருட்டாக்கி, வாத்தியக்காரர்களையும் கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தில் இறக்கினார். 1881இல் லண்டனின் சவாய் அரங்கு மின்விளக்குக்கு மாறியது. அதற்கு முன் எரிந்த எரிவாயு விளக்குகளோடு ஒப்பிட்டால் சூடும் குறைவு, தீப்பிடிக்கும் பயமும் குறைவு. மின்சாரம் வந்த பிறகுதான் வெளிச்சத்தை இஷ்டப்படி கூட்டிக் குறைத்து, ஓரிடத்தில் மட்டும் நிறுத்தி விளையாடும் கலை முழுசாக வளர்ந்தது.

கோணம் ஒன்று மாறினாலே முகம் மாறிவிடும். நேர் மேலிருந்து மட்டும் அடித்தால் கண்குழி கறுத்து ஆள் மண்டையோடாகத் தெரிவார். கீழிருந்து அடித்தால் பேய். பக்கவாட்டிலிருந்து அடித்தால் உடம்பின் வளைவு எடுப்பாகத் தெரியும், அதனால் நடனத்துக்கு அதுதான். பின்னாலிருந்து அடித்தால் முடியிலும் தோளிலும் ஒரு கோடு விழுந்து, ஆள் பின்சுவரிலிருந்து பிரிந்து முன்னுக்கு வருவார். சாதாரணமாக முகம் தெரிய, இரண்டு பக்கத்திலிருந்தும் ஏறக்குறைய 45 பாகைக் கோணத்தில், ஒரு பக்கம் இளஞ்சூடான நிறம், மறுபக்கம் குளிர்ந்த நிறம் என்று வைப்பார்கள். அமெரிக்காவின் ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் 1930களில் வகுத்துக் கொடுத்த இந்த முறையைத்தான் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இன்றும் சொல்லிக் கொடுக்கிறார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் சிவப்பு, பச்சை, நீலம் என்று விளக்குக்கு நிறம் கொடுக்கும் ஜெல் தாளைச் சொருகி எல்லா லைட்டையும் போட்டுவிடுவது ஒரு வியாதி. துக்கம் என்றால் நீலம், கோபம் என்றால் சிவப்பு என்று யாரோ எப்போதோ கிளப்பிவிட்டார்கள்.

நம் தகரப் பெட்டிக் காட்சிக்கு லைட் எழுதினால், எப்போது எந்த லைட் என்று குறித்து வைக்கும் க்யூ ஷீட்டில் இப்படி ஒரு வரி வரும்: "அக்காவின் கை பெட்டிக்குள் போனதும், வாசல் லைட் பூஜ்யத்திலிருந்து 20 சதவீதம், எட்டு வினாடியில்." எட்டு வினாடி என்பதுதான் சூட்சுமம். அவ்வளவு மெதுவாக ஏறும் வெளிச்சத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள். வாசலில் ஒரு ஆள் நிற்கிறான் என்பது மட்டும் ஒவ்வொருவருக்கும் தானாகக் கண்ணில் பட்டதாகத் தோன்றும். அதே லைட்டை அரை வினாடியில் போட்டால் "டைரக்டர் காட்டுகிறார்" என்று தெரிந்துவிடும். ஸ்டேஜ் மேனேஜர் "ஸ்டாண்ட்பை" என்று எச்சரித்து, பிறகு "கோ" சொல்வார். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரில் உட்கார்ந்திருப்பவர் அந்தச் சொல்லுக்கு முன்னால் விரலை அசைக்கக் கூடாது.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாக. சபா மேடைகளில் மேலிருந்து மைக் தொங்கும் காலம் ஒன்று இருந்தது, சில இடங்களில் இன்னும் இருக்கிறது. நாற்காலி எங்கே கிடந்தாலும், கோபித்துக்கொண்டாலும் கொஞ்சினாலும், நடிகர்கள் மெல்ல நகர்ந்து மைக்குக்குக் கீழே வந்து வரிசையாக நின்றுதான் பேசுவார்கள். பிளாக்கிங் செய்தது மைக்தான், இயக்குநர் பெயர் மட்டும் நோட்டீஸில் இருந்தது.

மறைப்பதும் மறைக்காததும்

மேடைத் தந்திரம் என்றதும் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு நினைவு வருபவர் ஆர். எஸ். மனோகர். "இலங்கேஸ்வரன்" முதலான புராண நாடகங்களில் கண்ணெதிரே காட்சிகள் மாறுவதற்கும் மாயங்கள் நடப்பதற்கும் பெயர் போனவர். அவருக்கு முன்பே கன்னையா கம்பெனியும் நவாப் ராஜமாணிக்கத்தின் குழுவும் பிரமாண்டமான காட்சியமைப்புக்காகக் கூட்டத்தை இழுத்தார்கள். இந்த வகைத் தந்திரங்களில் பெரும்பாலானவை பார்வையாளர் ஒரே திசையில் உட்கார்ந்திருப்பதை நம்பித்தான் நிற்கின்றன.

உலகப் புகழ்பெற்ற ஓர் உதாரணம் பெப்பரின் பேய். லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் 1862இல் காட்டியது. ராத்திரி பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியில் உங்கள் முகமும் தெரியும், வெளியே மரமும் தெரியும் அல்லவா? அதே சங்கதி. மேடைக்கு முன்னால் பெரிய கண்ணாடி ஒன்றைச் சாய்த்து நிறுத்துவார்கள். மேடைக்குக் கீழே, பார்வையாளருக்குத் தெரியாத பள்ளத்தில் கறுப்புத் துணிக்கு முன்னால் பேய் வேஷக்காரர் நிற்பார். அவர்மீது பலமான வெளிச்சம் விழுந்ததும் அவருடைய பிம்பம் கண்ணாடியில் விழுந்து, மேடையில் நிற்கும் நடிகருக்குப் பக்கத்தில் ஆவியாகத் தெரியும். வெளிச்சத்தை அணைத்தால் ஆவி கரைந்துவிடும். மேடையில் இருக்கும் நடிகருக்கு அந்தப் பேய் தெரியாது. குறித்து வைத்த இடத்தில் வெறுங்காற்றைப் பார்த்து அவர் பயந்தாக வேண்டும்.

இதற்கு நேர் எதிரான வழி ஜப்பானின் மரபு நாடகமான கபுகியில் இருக்கிறது. குரோகோ என்னும் கறுப்பு உடைக்காரர்கள் மேடைக்கே வந்து, நடிகருக்கு வாளை எடுத்துக் கொடுப்பார்கள், உடை மாற்ற உதவுவார்கள். எல்லோருக்கும் தெரியும்படிதான் செய்வார்கள். கறுப்பு அணிந்தவர் அங்கே இல்லை என்பது பார்ப்பவரோடு செய்துகொண்ட ஒப்பந்தம். ஒசாகாவில் 1758இலேயே சுழலும் மேடையைக் கொண்டுவந்தவர்களும் கபுகிக்காரர்கள்தான். இயந்திரம் தெரியாதவர்கள் இல்லை. எங்கே ஒளிப்பது, எங்கே ஒளிக்காமல் விடுவது என்று தேர்ந்தெடுக்கிறார்கள்.

எனக்கு இரண்டாவது வழியில்தான் நாட்டம். தந்திரம் எப்படிச் செய்தார்கள் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டால் கண் நாடகத்தை விட்டுப் போய்விடுகிறது. ஒரு துணியை இரண்டு பேர் ஆட்டி "இது ஆறு" என்றால் அதில் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை, நேராகக் கதைக்குள் போய்விடலாம். தவிர, கல்லூரி பட்ஜெட்டில் கண்ணாடியெல்லாம் வாங்கித் தரமாட்டார்கள்.

மேடையே இல்லாத இடத்தில்

வங்கத்தின் பாதல் சர்க்கார் மேடை, செட், டிக்கெட் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கூடத்திலும் திறந்தவெளியிலும் பார்ப்பவருக்கு மிக நெருக்கத்தில் நாடகம் போட்டார். மூன்றாம் அரங்கு என்றார். 1980இல் சென்னையை அடுத்த சோழமண்டலத்தில் அவர் நடத்திய பட்டறை தமிழில் வீதி நாடகத்தின் பக்கம் பலரைத் திருப்பியது. வீதியில் கேள்வி இன்னும் கடுமையானது. பார்ப்பவர் எந்த நிமிடமும் நடையைக் கட்டலாம். எனவே அங்கே முதல் வேலை, ஒரு வட்டத்தை உண்டாக்குவது. பறையை அடித்துக்கொண்டு ஓடி, ஆட்களை ஒதுக்கி, நடுவில் இடம் பிடித்தால்தான் நாடகமே ஆரம்பமாகும்.

ஆனால் இந்த வகையில் மிகப் பெரிய மேடையாக்கம் வடதமிழ்நாட்டுத் திரௌபதியம்மன் திருவிழாக்களில் நடக்கிறது. ராத்திரிகளில் களரியில் நடக்கும் கூத்து சில நாட்கள் களரியை விட்டே வெளியேறிவிடும். அர்ச்சுனன் தபசுக்கு உயரமான மரம் ஒன்றை நட்டு வைத்திருப்பார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் பாடிக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறுவார். கூட்டம் முழுக்க அண்ணாந்து பார்க்கும். உச்சியிலிருந்து அவர் எலுமிச்சம்பழமும் பூவும் வீச, பிள்ளை வரம் வேண்டி வந்த பெண்கள் கீழே மடியேந்திக் காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் யார் பார்வையாளர், யார் பாத்திரம் என்று பிரிக்க முடியாது.

படுகளம் அதைவிடப் பெரிது. பதினெட்டாம் போரின் முடிவு. பட்டப்பகலில், திறந்த வெளியில், தரையில் மண்ணால் செய்து வண்ணம் பூசிய துரியோதனன் மல்லாந்து கிடப்பான். பல ஆள் நீளம். வேஷம் கட்டிய பீமனும் துரியோதனனும் அந்த உருவத்தைச் சுற்றியும் கூட்டத்துக்குள் புகுந்தும் துரத்திக்கொள்வார்கள். கடைசியில் மண் தொடையில் அடி விழும்போது, உள்ளே வைத்திருக்கும் சிவப்பு நீர் தெறிக்கும். சபதம் முடிந்து திரௌபதி கூந்தலை முடிவாள். லைட் இல்லை, திரை இல்லை, நாற்காலி இல்லை. எல்லோரும் நகர்ந்துகொண்டே இருக்கிறார்கள். மேளத்தின் வேகத்தையும் கூட்டம் ஒதுங்கும் திசையையும் வைத்துத்தான் கண் எங்கே போக வேண்டும் என்று தெரிந்துகொள்கிறோம்.

சித்திரை, வைகாசி மாதங்களில் விழுப்புரம், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கத்து ஊர்கள் பலவற்றில் இதைப் பார்க்கலாம். போவதாக இருந்தால் முந்தின ராத்திரிக் கூத்துக்கே போய்விடுங்கள், காலையில் போனால் இடம் கிடைக்காது. மண் உருவத்தின் தலைமாட்டில் நின்றால் துரத்தல் நன்றாகத் தெரியும், ஆனால் தொடையில் விழும் அடி தெரியாது. தொடைப்பக்கம் நின்றால் அடி தெரியும், துரத்தல் போய்விடும். எந்தப் பக்கம் நிற்பது நல்லது என்று ஊர்க்காரர்களைக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.